பசியோட வா, பையோட வா: அவரெபேளே மேளாவுக்கு அக்கா சொல்ற வழி

மார்கழி பாதி கடந்தா பெங்களூரு மார்க்கெட்டுல எங்க திரும்பினாலும் அவரைக்காய்தான். மாகடி, கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கமிருந்து மூட்டை மூட்டையா வந்து இறங்கும். குளிரும் பனியும் ஏறஏற காய்மேல ஒரு எண்ணெய்ப் பிசுக்கு கட்டும். கையில தேய்ச்சு மோந்தா வர்ற மணத்துக்கு இங்கே 'சொகடு'ன்னு பேரு. வாங்க வர்றவங்க விலை கேக்கறதுக்கு முன்னாடி காயை மோந்து பார்ப்பாங்க. அந்த அவரைக்குன்னே நடக்கற திருவிழாதான் அவரெபேளே மேளா. லீவுக்குப் பசங்களோட வரேன்னு சொன்னியே, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். போன்ல சொன்னா பாதியிலேயே "சரிக்கா சரிக்கா"ன்னு வெச்சிடுவே.

இருபது வருஷத்துக்கும் மேலா வாசவி காண்டிமென்ட்ஸ்காரங்க இதை நடத்திட்டு வர்றாங்க. முன்னெல்லாம் வி.வி.புரத்துல, சஜ்ஜன்ராவ் சர்க்கிளை ஒட்டின தெருவுலயே நடக்கும். தெருவே தெரியாத கூட்டம், தோள் இடிக்காம ஒரு தோசை சாப்பிட முடியாது. 2023-ல் பசவனகுடி நேஷனல் காலேஜ் மைதானத்துக்கு மாத்தினாங்க. அன்னிபெசன்ட் அம்மா 1917-ல் ஆரம்பிச்சு வெச்ச கல்விச் சங்கத்தோட காலேஜ் அது. மைதானத்துக்கு வந்த பிறகு மூச்சு விட இடம் இருக்கு, ஆனா கூட்டம் என்னவோ குறையல. டிசம்பர் கடைசியிலயோ ஜனவரி முதல் வாரத்திலயோ வைப்பாங்க. ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும், அதனால தேதி தெரிஞ்ச பிறகு டிக்கெட் போடு.

எந்த நாள், எந்த நேரம்? சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். புத்தாண்டு அன்னைக்கும் வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி ஒரு வேலை நாள்ல சாயங்காலம் நாலு மணிக்கு உள்ள நுழைஞ்சுடு. ஆபீஸ் விட்டு ஜனங்க வர ஆறரை ஆகும், அதுக்குள்ள நீ முக்கியமானதைச் சாப்பிட்டு முடிச்சிருப்பே. மத்தியான சாப்பாடு பதினொண்ணரைக்கே, அதுவும் கொஞ்சமா. "எப்படியும் அங்க போய்ச் சாப்பிடத்தானே போறோம்"னு ஒரேயடியா பட்டினி கிடந்து வராதே. பட்டினி வயித்துல எண்ணெய்ப் பலகாரம் போனா நெஞ்செரிச்சல் வரும், முதல் பிளேட்டோட ஆசையும் தீர்ந்துடும்.

வர்ற வழி சுலபம். கார் மட்டும் எடுத்துட்டு வராதே. பசவனகுடி தெருவுல பார்க்கிங் தேடற நேரத்துல ரெண்டு போளி சாப்பிடலாம். சென்னையிலிருந்து ரயில்ல வந்து கேஎஸ்ஆர் ஸ்டேஷன்ல இறங்கினா, மெட்ரோவுல மெஜஸ்டிக் வந்து பச்சை லைனுக்கு மாறு. சில்க் இன்ஸ்டிட்யூட் போற பக்கம் ஏறணும். சிக்பேட், கே.ஆர். மார்க்கெட், மூணாவது ஸ்டேஷன் நேஷனல் காலேஜ். ஓசூர் வழியா பஸ்ல வந்தா இன்னும் வசதி. 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் திறந்தாச்சு, பொம்மசந்திரால ஏறி ஆர்.வி. ரோடுல பச்சை லைனுக்கு மாறினா அங்கிருந்து நாலாவது ஸ்டேஷன். சில்க் போர்டு நெரிசலை மேலே இருந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே வரலாம், அதுலயே ஒரு திருப்தி.

டவுன் பஸ்ல ஏறினா டிக்கெட் எடுத்துடு. நம்ம ஊர்ல பொம்பளைங்களுக்கு இலவசம்னு ஏறி உக்காந்து பழகிட்டோம். இங்கேயும் 2023 ஜூன்லேருந்து 'சக்தி' திட்டம் இருக்கு, ஆனா அது கர்நாடகத்துப் பெண்களுக்கு மட்டும். இந்த ஊர் விலாசம் போட்ட அடையாள அட்டை காட்டணும். உன் தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டிட்டு கண்டக்டர்கிட்ட வாதாடாதே.

என்ன கொண்டு வரணும்

துணிப்பை ரெண்டு. இது கட்டாயம், ஏன்னு பின்னாடி சொல்றேன். மூடி இறுகின டிபன் பாக்ஸ் ஒண்ணு, ஸ்பூன் நாலு, தண்ணி பாட்டில், ஈர டிஷ்யூ, ஒரு பழைய கைத்துண்டு. தண்ணியை ஆளுக்கு ஒரு பாட்டில்னு எடுத்துக்கோ. இந்த ஊர் கடல் மட்டத்துலேருந்து 900 மீட்டர் உயரத்துல இருக்கு, ஜனவரியில வெயில் சுடற மாதிரியே தெரியாது. தாகம் தெரியாம நடந்துட்டு ராத்திரி தலைவலியோட படுப்பாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல குளிர் சட்டுனு இறங்கும், பசங்களுக்கு ஸ்வெட்டர் வேணும்.

பட்டுப்புடவை, நீளமா தொங்கற துப்பட்டா இதெல்லாம் போட்டோவுக்கு நல்லாயிருக்கும். ஆனா தோசைக்கல் வரிசைக்குப் பக்கத்துல எண்ணெய் தெறிக்கும், மைதானம் புழுதி. சல்வாரும் ஷூவும் போதும். கைப்பையைத் தோள்ல குறுக்கா மாட்டிக்கோ, ரெண்டு கையும் உனக்குப் பிளேட் பிடிக்க வேணும். அம்மாவையும் கூட்டிட்டு வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடு. இங்க நின்னுக்கிட்டுதான் சாப்பிடணும், முழங்கால் வலிக்காரங்களுக்குச் சின்ன மடக்கு ஸ்டூல் ஒண்ணு என்கிட்ட இருக்கு, கொண்டு வரேன். பாத்ரூம் வேலையை மெட்ரோ ஸ்டேஷன்லயே முடிச்சுட்டு வெளியே வா. இதை அம்மாவுக்கும் பசங்களுக்கும் நீதான் ஞாபகப்படுத்தணும்.

காசு விஷயம். "போன் இருக்கே, ஸ்கேன் பண்ணிக்கலாம்"னு கையை வீசிட்டு வராதே. கூட்டம் ஏறினா நெட்வொர்க் படுத்துடும். பின்னால அம்பது பேர் நிக்க, சுத்திக்கிட்டே இருக்கற அந்த வட்டத்தைப் பார்த்து நிக்கறது பெரிய அவஸ்தை. இன்னொண்ணு, 2025 ஜூலையில இங்க சின்னக் கடைக்காரங்களுக்கு யுபிஐ வரவைக் கணக்குப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு. பயந்துபோய் நிறைய பேர் 'நோ யுபிஐ'ன்னு அட்டை எழுதி மாட்டினாங்க. அதனால பத்து, இருபது, அம்பது ரூபாயா சில்லறை மாத்தி வெச்சுக்கோ. டோக்கன் வாங்கற இடம் ஒண்ணு, பிளேட் வாங்கற இடம் வேறன்னு இருந்தா ஆளைப் பிரிச்சு நிறுத்து. மாப்பிள்ளை டோக்கன் வரிசை, நீ பிளேட் வரிசை. ரெண்டு பேரும் ஒரே வரிசையில நின்னு ஊர்க்கதை பேசறதை வீட்டுல வெச்சுக்கலாம்.

எதைச் சாப்பிடறது, எதை விடறது

உள்ள நுழைஞ்சதும் முதல்ல கடையில நிக்காதே. வெறுங்கையோட ஒரு சுத்து நடந்து பாரு. எங்க கல்லு சூடா இருக்கு, எங்க மாவு அப்பப்ப ஊத்தறாங்க, எங்க முன்னாடியே சுட்டு அடுக்கி வெச்சிருக்காங்கன்னு பத்தே நிமிஷத்துல தெரிஞ்சிடும். அடுக்கி வெச்ச இடத்தை விட்டுடு.

என் கட்சி இதுதான்: அவரையோட ருசி எதுல தெரியுதோ அதைத்தான் முதல்ல சாப்பிடணும். ஊறவெச்ச அவரையைத் தோல் பிதுக்கி எடுத்த பருப்பைத்தான் இங்க ஹிதிகிதபேளேன்னு சொல்றாங்க. வேலூர், கிருஷ்ணகிரி பக்கத்துல நாம பிதுக்கம்பருப்புன்னு சொல்றதேதான். நம்ம பெரியம்மா வீட்டுக் குழம்பு உனக்கு ஞாபகம் இருந்தா, இங்க கிடைக்கிற சாரு புதுசா இருக்காது. தேங்காய், கொத்தமல்லி, இஞ்சி, பூண்டு அரைச்சு விட்ட குழம்பு. அதுல பருப்பு வெண்ணெய் மாதிரி கரையும், ஆனா உடையாது. சாரும் ராகி முத்தையும் சேர்ந்து கிடைச்சா அதுலேருந்து ஆரம்பி. முத்தையைக் கிள்ளி, சாருல தோய்ச்சு, மெல்லாம அப்படியே முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கிட்டு "இது என்னக்கா களி"ன்னு முகத்தைச் சுளிப்பே.

அடுத்தது அக்கி ரொட்டி. அரிசி மாவுல முழுசு முழுசா அவரைப் பருப்பு, வெங்காயம், சப்பசிகே கீரை (நம்ம ஊர்ல சதகுப்பைக் கீரை) போட்டுக் கையால தட்டி, கல்லுல மொறுமொறுன்னு எடுப்பாங்க. ஒரு பிளேட் போதும்னு நினைச்சுப் போறவங்க இன்னொண்ணு வாங்கறது இதுலதான். தோசை, உப்பிட்டு, வடை, நிப்பட்டு, கோடுபளே எல்லாத்துலயும் அவரை உண்டு. உப்பிட்டு வீட்டுலயே செஞ்சுக்கலாம், அதுக்கு இங்க வயித்துல இடம் ஒதுக்காதே.

இனிப்புல ஹோலிகை நிச்சயம் சாப்பிடு. நம்ம போளிதான், பூரணம் மட்டும் அவரைப் பருப்பு. சுடச்சுட, மேல நெய் ஊத்திக் கேட்டு வாங்கு. ஜிலேபி, ஜாமூன், ஐஸ்க்ரீம், மஞ்சூரியன்னு வருஷா வருஷம் ஏதாவது புதுசு இறக்குவாங்க. கேமராவுக்கு நல்ல தீனி அது. ஜிலேபி வேணா ஒரு பிளேட் வாங்கி நாலு பேரும் பிச்சுக்கோங்க, பார்த்தாச்சுன்னு ஆச்சு. சர்க்கரைப் பாகுல முக்கின பிறகு உள்ள இருக்கறது அவரையா உளுந்தான்னு கண்டுபிடிக்க எனக்கு நாக்கு போதல. ஜிலேபி ரசிகர்கள் மன்னிக்கணும்.

எதுவானாலும் ரெண்டு பேருக்கு ஒரு பிளேட்தான் கணக்கு. நாலு பேர் சேர்ந்து வந்தா எட்டு வகை ருசி பார்க்கலாம், ஆளுக்கொரு பிளேட் வாங்கினா மூணாவதுலயே மூச்சு முட்டும். ஒரு பிளேட் முடிஞ்சு பத்து நிமிஷம் நட. காரம் அதிகம்னா "கார கம்மி" சொல்லு, கணக்கு கேக்க "எஷ்டாய்த்து" போதும். கடைக்காரரை அண்ணா, அக்கான்னு கூப்பிட்டா ரெண்டு பாஷைக்கும் சரியா வரும்.

பசங்க கண்ணுல படற சமாச்சாரம்

மேளாவைச் சுத்தியும் வெளியேயும் வேற கடைங்களும் முளைச்சிருக்கும். பசங்க அவரையைப் பார்க்க மாட்டாங்க, பஞ்சுமிட்டாயைத்தான் பார்ப்பாங்க. ரோடமின்-பி கலர் கலந்ததுக்காகத் தமிழ்நாட்டுல 2024 பிப்ரவரியில பஞ்சுமிட்டாயைத் தடை பண்ணாங்களே, அடுத்த மாசமே கர்நாடகத்துலயும் பஞ்சுமிட்டாய்லயும் கோபி மஞ்சூரியன்லயும் செயற்கைக் கலர் போடக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. உத்தரவு இருக்குங்கறதால தெருமுனைத் தள்ளுவண்டியிலயும் கலர் இருக்காதுன்னு நம்பிடாதே. கண்ணைப் பறிக்கற சிவப்பு, ரோஸ் ரெண்டையும் தாண்டிப் போயிடு.

புகை கக்கற பிஸ்கட், புகை பீடா இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அதுல ஊத்தறது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரியில கொதிக்கற வஸ்து. புகை அடங்கறதுக்குள்ள விழுங்கினா வயித்துல ஓட்டையே விழலாம். அப்படி ஒரு சிறுமிக்கு இதே பெங்களூருல ஆபரேஷன் பண்ண வேண்டியதாச்சு. 2024-ல் ரெண்டு மாநிலமும் இதுக்குக் கடிவாளம் போட்டாச்சு. அதையும் மீறி யாராவது வெச்சிருந்தா, பசங்க அழுதாலும் பரவாயில்லை, இழுத்துட்டு நட.

சின்னவன் சட்டைப் பையில உன் நம்பரும் என் நம்பரும் எழுதின சீட்டு இருக்கட்டும். பெரியவளுக்கு மெட்ரோ வாசலை முன்னாடியே காட்டி, "பிரிஞ்சுட்டா இங்க வந்து நில்லு"ன்னு சொல்லிடு. போன் சிக்னல் இல்லாட்டியும் வாசல் அங்கேயேதான் இருக்கும்.

வயிறு

கூச்சப்படாம பேசிடலாம். அவரை வாயு. அதுல இருக்கற ஒருவகைச் சர்க்கரையை நம்ம குடலால செரிக்க முடியாது. பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியாதான் அதைப் புளிக்க வெச்சு வாயுவா மாத்தும். ஊறவெச்சுத் தண்ணியைக் கொட்டினா கொஞ்சம் குறையும், பெருங்காயமும் இஞ்சியும் நம்ம வீட்டு வைத்தியம். பழக்கமில்லாத வயிறுன்னா சாருல நிறுத்திக்கோ, எண்ணெய்ப் பலகாரத்தை நாக்குல வெச்சுப் பார்க்கற அளவு போதும். ராத்திரி வீட்டுக்கு வந்து வெறும் மோர், பெருங்காயம் தட்டிப் போட்டுக் குடி. மறுநாள் காலையிலயே பஸ் பயணம் வெச்சுக்காதே. காரணம் உனக்கே புரியும், பக்கத்து சீட்டுக்காரருக்கும் புரியும்.

எதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது

துணிப்பை எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்னேனே. சாப்பாட்டைவிட எனக்கு முக்கியம் இதுதான். இங்க காயும் கிடைக்கும், உரிச்ச கொட்டையும் கிடைக்கும், பிதுக்கின பருப்பும் கிடைக்கும். மூணுக்கும் மூணு விதி.

காய் வாங்கினா மோந்து பார்த்து, பிசுக்கு இருக்கான்னு விரலால தேய்ச்சுப் பார்த்து வாங்கு. உள்ள கொட்டை புடைச்சிருக்கணும். ஊசி முனையளவு ஓட்டை தெரிஞ்சா உள்ள புழு குடித்தனம் நடத்துதுன்னு அர்த்தம். கிலோ வாங்கினா கொட்டை பாதிகூடத் தேறாது, தோல் எடைதான் ஜாஸ்தி. ஆனா ராத்திரி ரயிலோ, நீண்ட பஸ் பயணமோ தாங்கறது காய் மட்டும்தான். உரிச்ச கொட்டையை அன்னைக்கே ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். பிதுக்கின பருப்பு அதைவிட அவசரக்காரி, மூடின பிளாஸ்டிக் கவருக்குள்ள சூட்டுல நாலஞ்சு மணி நேரம் இருந்தா நொளநொளன்னு ஆகி வாடை வந்துடும். ஓசூர்க்காரங்க தாராளமா வாங்கலாம். திருச்சிக்குப் போறவ வாங்கக் கூடாது. உனக்கு நான் முதல் நாளே வாங்கி ஃப்ரீசர்ல போட்டுக் கட்டியாக்கி, டப்பாவைச் சுத்திச் செய்தித்தாள் மடிச்சுத் தரேன்.

அவரெபேளே மிக்சர் கட்டாயம் ஒரு பாக்கெட். பொரிச்ச பருப்பு, கறிவேப்பிலை, உப்பு காரம், அவ்வளவுதான். பிதுக்கின பருப்பைப் பொரிக்கறப்போ வர்ற அந்தக் கரகரப்பு வேற எந்த மிக்சர்லயும் வராது. வாங்கறப்போ ஒண்ணு வாயில போட்டுப் பாரு, எண்ணெய் சிக்கு வாடை வந்தா பக்கத்துக் கடை.

மேளாவுக்கு வர முடியாதுன்னா

நவம்பர் வாக்குல வா. கார்த்திகை மாசக் கடைசித் திங்கள்கிழமையை ஒட்டி இதே பசவனகுடியில, புல் டெம்பிள் ரோடுல கடலெக்காய் பரிஷெ, அதாவது வேர்க்கடலைத் திருவிழா, நடக்கும். இங்கத்திய பஞ்சாங்கக் கார்த்திகை நம்ம கார்த்திகை முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும், தேதியை அதுக்கேத்த மாதிரி பார்த்துக்கோ. இந்தப் பக்கம் கடலைக்காடா இருந்தப்போ ஒரு காளை வந்து பயிரை மேய்ஞ்சதாம், விவசாயி அடிச்சதும் கல்லா உக்காந்துடுச்சாம். அந்த நந்திக்கு முதல் விளைச்சலைப் படைக்கிறதுதான் பரிஷெ. அந்த நந்தி கோயில் பெங்களூரை உருவாக்கின கெம்பே கௌடா கட்டினதுன்னு சொல்வாங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வியாபாரிகளும் மூட்டையோட வந்து உக்காந்திருப்பாங்க, தமிழ்லயே பேரம் பேசலாம். பச்சை, வேகவெச்சது, வறுத்தது மூணுமே குவிச்சு வெச்சு சேர் கணக்குல அளந்து போடுவாங்க. அளக்கறப்போ படி தலை தட்டுதா, கூம்பா நிக்குதான்னு கண்ணை எடுக்காம பாரு. நாலஞ்சு குவியல்ல ஒவ்வொண்ணா உடைச்சு ருசி பார்த்துட்டு வாங்கினா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. இங்கேயும் பையை நீதான் கொண்டு வரணும். 'பரிஷெகெ பன்னி, கைசீல தன்னி' (பரிஷெக்கு வாங்க, கைப்பை கொண்டு வாங்க)ன்னு மாநகராட்சியே சொல்லிட்டிருக்கு.

திரும்பற வழி

எட்டரைக்கெல்லாம் மைதானத்தை விட்டுக் கிளம்பிடு. வாசல்ல நின்னு ஆட்டோ பிடிச்சா வாய்க்கு வந்த ரேட்டு சொல்வாங்க. மெட்ரோவுல ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய் ஆப்ல கூப்பிட்டா நியாயமா வரும். மெட்ரோவும் ராத்திரி பதினொண்ணுக்கு மேல நம்பக்கூடியது இல்ல. பெட்டிக்குள்ள எதையும் பிரிச்சுத் தின்னாதே, மிக்சரானாலும் சரி.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்கே காயை உரிச்சு ராத்திரி தண்ணியில போட்டுடு. காலையில தோல் நெகிழ்ந்திருக்கும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு அழுத்தினா பருப்பு துள்ளி வெளியே வரும். பசங்களை உக்கார வெச்சுடு, போட்டி போட்டுக்கிட்டுப் பிதுக்குவாங்க, பாதி தரையில ஓடும், பொறுத்துக்கோ. குழம்பு வைக்கறப்போ அரைப்பை விட்டுக் கொதி வந்த பிறகுதான் பருப்பைப் போடணும், குக்கர் வேண்டாம், மாவாயிடும். நல்லா வெந்தாச்சான்னு ஒண்ணை நசுக்கிப் பார்த்துட்டு இறக்கு. எல்லாத்தையும் பிதுக்கிடாதே. ரெண்டு கை உரிச்ச கொட்டையைத் தனியா ஃப்ரீசர்ல எடுத்து வெச்சிடு, பொங்கல் குழம்புக்குப் பச்சை மொச்சை தேடிக் கடைசி நேரத்துல மார்க்கெட்டுக்கு ஓட வேண்டாம்.